வித்தும் நிலமும்: ஸ்டீபன் பாஜெட் சரித்திரம்

வைத்திய நூல்களைப் புரட்டுவோர் பாஜெட் என்னும் பெயரை அடிக்கடி காண்பர். எலும்பு தடித்து வளைந்து உருமாறும் நோயொன்று அப்பெயரால் வழங்கி வருகின்றது. மார்பகக் காம்பில் புண்போலத் தோன்றி உள்ளே புற்றை மறைத்து வைத்திருக்கும் நோயொன்றும் அப்பெயரையே தாங்கி நிற்கின்றது. இவ்விரண்டையும் ஆராய்ந்து உலகிற்கு வெளியிட்டவர் ஸர் ஜேம்ஸ் பாஜெட் என்னும் பேரறிஞர். நாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவரைப்பற்றியன்று. அவருடைய கடைசி மைந்தராகிய ஸ்டீபன் பாஜெட் என்பாரைப்பற்றியே. மைந்தரின் பெயரால் எந்த நோயும் வழங்கவில்லை. அவர் புதிய சஸ்திர முறை எதனையும் கண்டவருமல்லர். ஆயினும் 1889-ஆம் ஆண்டில் அவர் எழுதிய மூன்று பக்கக் கட்டுரை ஒன்றை எடுத்துக் கூறாமல், இன்று புற்றுநோய் உடலில் பரவும் விதத்தைப்பற்றி எழுதப் புகுவார் எவருமிலர். நம் கலாசாலையில் உயிர்நூல் பயிலும் நண்பர்களும், அதனைப் பயிலாத மற்றை நண்பர்களுங்கூட அறிந்திருக்கத்தக்க சரித்திரம் இதுவென எண்ணி இதனை எழுதத் துணிந்தோம்.

ஸ்டீபன் 1855-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 17-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ், இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள கிரேட் யார்மத் என்னும் துறைமுகப் பட்டினத்தினர். குடும்பத்தின் வியாபாரம் நொடித்துப்போகவே, வறுமையோடு போராடி வைத்தியம் பயின்று, பின்னர்ப் பல்லாண்டு உழைத்துத் தம் தந்தையின் கடன்களைத் தீர்த்த உத்தமர். மாணவராயிருந்த காலத்திலேயே, 1835-இல், சோதனைக்கு வந்த பிரேதம் ஒன்றின் தசையில் சிதறிக்கிடந்த வெண்புள்ளிகளைப் பிறர் அலட்சியம் செய்ய, இவர் கூர்ந்து நோக்கி, அவற்றினுள் சுருண்டு கிடந்த நுண்ணிய புழுக்களைக் கண்டறிந்தார். நாளடைவில் விக்டோரியா மகாராணியாருக்குச் சஸ்திர வைத்தியராகும் பேறு பெற்றார். பிறர் கண்டும் காணாமற்போனதைக் கண்டறியும் கண் அக்குடும்பத்திற்கு வாய்த்தது போலும்.

ஜேம்ஸின் மைந்தர் நால்வருள் மூத்தவர் வழக்கறிஞரானார். அடுத்தவராகிய பிரான்ஸிஸ் ஆக்ஸ்போர்டிலும், அவருக்கு இளையவராகிய லூக் செஸ்டரிலும் அத்தியட்சர்களாக விளங்கினர். கடைசிப் பிள்ளையாகிய ஸ்டீபனே தந்தையின் தொழிலை மேற்கொண்டார். 1871-இல் தந்தையார் ஒரு பிரேத பரிசோதனையின்போது விஷம் ஏறப்பெற்று, மாதக்கணக்கில் மரணத்தின் வாயிலில் கிடந்து பிழைத்தார். அதன்பின் ஆஸ்பத்திரி வேலையையும் விட்டு விலகினார். வைத்தியன் தன் உயிரையும் பணயம் வைக்கிறான் என்பதனைப் பதினாறு வயதளவில் வீட்டிலேயே கண்டிருந்தும், மைந்தர் அத்தொழிலினின்று பின்வாங்கவில்லை.

ஷ்ரூஸ்பரி பாடசாலையில் தொடக்கக் கல்வி கற்றார். சார்லஸ் டார்வினும் பயின்ற இடம் அது. பின்னர் ஆக்ஸ்போர்டில் கிறைஸ்ட் சர்ச் கலாசாலையில் பட்டம் பெற்று, லண்டனில் தந்தையார் புகழ் நிறுவிய புனித பர்த்தலொமேயு ஆஸ்பத்திரியிலேயே வைத்தியம் பயின்றார். 1885-இல் ராஜாங்க சஸ்திர வைத்தியர் கழகத்தின் அங்கத்தினராய்த் தேறி, மேற்கு லண்டன் ஆஸ்பத்திரி, மெட்ரோபாலிடன் ஆஸ்பத்திரி ஆகியவற்றில் உதவிச் சஸ்திர வைத்தியராக அமர்ந்தார். தந்தையாரோடு ஒப்பிடுங்கால் இப்பதவிகள் சிறியனவே. பெரிய மரத்தின் நிழலில் முளைத்த கன்று என்று அந்நாளில் அவரைப்பற்றி நினைத்தவர் பலர் இருந்திருக்கக் கூடும்.

அவர் எழுதிய கட்டுரையின் அருமை விளங்கவேண்டுமாயின், அக்காலத்தில் புற்றுநோயைப்பற்றி வைத்தியர் கொண்டிருந்த கருத்தினைச் சிறிது அறிதல் வேண்டும். நம் உடல் எண்ணிறந்த நுண்ணிய உயிரணுக்களால் ஆகியது என்பதும், நோயும் அவ்வுயிரணுக்களிலேயே தோன்றுகின்றது என்பதும் ஜெர்மானியப் பேராசிரியர் விர்ஹோ என்பவரால் 1858-இல் நிலைநாட்டப்பெற்றன. புற்று ஓரிடத்திற் தோன்றிப் பிறிதோரிடத்தில் மீண்டும் முளைப்பது எங்ஙனம் என்பது அடுத்து எழுந்த வினா. நோயின் சாறு பரவித் தூரத்திலுள்ள உயிரணுக்களைக் கெடுக்கின்றது என்றனர் சிலர். புற்றின் உயிரணுக்களே உதிர்ந்து, இரத்தத்திலும் நிணநீரிலும் மிதந்து சென்று, வேறிடத்தில் தங்கி வளர்கின்றன என்றனர் வால்டையர் முதலியோர். பிற்கூறியதே உண்மை. ஆயின் மிதந்து செல்லும் அவ்வுயிரணு எங்கே தங்கும்? குழாய் குறுகுமிடத்தில் அடைபட்டு நிற்கும், நின்ற இடத்தில் வளரும் என்பதே பலரும் ஒப்பிய விடையாயிருந்தது. வெள்ளத்தில் வந்த கட்டை பாலத்தில் மாட்டிக்கொள்வதைப் போன்றதே இதுவென அவர்கள் கருதினர்.

ஸ்டீபன் பாஜெட்டுக்கு இவ்விடை மனநிறைவு தரவில்லை. நீரோட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்குமாயின், எவ்வுறுப்புக்கு இரத்தம் மிகுதியாகச் செல்கின்றதோ அவ்வுறுப்பில் புற்று மிகுதியாகக் காணப்படல் வேண்டுமன்றோ? இதனைச் சோதிக்க அவருக்கு நுண்ணோக்கியும் தேவைப்படவில்லை, இரசாயனசாலையும் தேவைப்படவில்லை. மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களைப்பற்றிய குறிப்புகளை ஒன்றுவிடாமல் திரட்டினார். ஒவ்வோருடலிலும் எவ்வுறுப்பில் புற்று மறுமுளை கொண்டிருந்ததென்று எண்ணினார். கல்லீரலில் 241 பேருக்கு அது காணப்பட்டது. மண்ணீரலில் 17 பேருக்கே காணப்பட்டது. மண்ணீரலுக்குச் செல்லும் நாடியோ, கல்லீரலுக்குச் செல்லும் நாடியினும் அளவிற் குறைந்ததன்று. சீழ் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் கட்டிகளை எழுப்பும் நோயையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். அந்நோயில் மண்ணீரல் இங்ஙனம் தப்புவதில்லை. எனவே, வித்துகள் மண்ணீரலுக்குச் சென்று சேர்கின்றன என்பதும், சேர்ந்தும் முளைக்கவில்லை என்பதும் பெறப்பட்டன.

தமிழர்க்கு இங்கே ஒரு வேடிக்கை தோன்றாமற் போகாது. நம் முன்னோர் ஒன்றைக் கல்லென்றும் மற்றொன்றை மண்ணென்றும் பெயரிட்டு அழைத்தனர். கல்லீரலில் விழுந்த விதை செழித்து வளர, மண்ணீரலில் விழுந்த விதை பட்டுப்போவதைக் காண்கிறோம். கற்பாறையில் விழுந்த விதை உலர்ந்துபோயிற்றென்று நாம் ஞாயிறுதோறும் கேட்டுவரும் உவமைக்கு இது நேர்மாறாக அமைந்துவிட்டது. பெயரைக்கொண்டு நிலத்தின் தன்மையை முடிவுசெய்தல் ஆகாது போலும்.

எலும்புகளைப்பற்றியும் பாஜெட் இவ்வாறே கணக்கெடுத்தார். தொடை எலும்பு முதலிய சில எலும்புகளில் புற்று மீண்டும் மீண்டும் வந்தடைவதையும், கை கால்களிலுள்ள சிற்றெலும்புகளில் ஏறக்குறைய வருவதேயில்லை என்பதையும் குறித்தார். தற்செயலாக நிகழ்வதாயின் இத்தகைய ஒழுங்கு இருத்தற்கு இடமில்லை. வியன்னா நகரத்துக் கண் வைத்தியரான பூக்ஸ் என்பவர் முன்னரே இத்தகைய கருத்தொன்றை வெளியிட்டிருந்தார். பாஜெட் அதனை மறைக்காமல் அவருக்குரிய பெருமையை அவருக்கே அளித்துவிட்டு, அக்கருத்தைப் பெரும் எண்ணிக்கையால் உறுதி செய்தார். செடியொன்று முதிர்ந்து வெடிக்குங்கால் அதன் வித்துகள் எல்லாத் திசையிலும் சிதறுகின்றன; ஆயினும் தமக்கு இசைந்த நிலத்தில் வீழ்ந்தவையே உயிர்பெற்று வளர்கின்றன என்பதே அவர் கண்ட முடிபு. 1889-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையில் இக்கட்டுரை வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று.

அக்கட்டுரையின் இறுதியில் அவர் தம்மைப்பற்றிச் சொல்லியிருப்பது நம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது. வித்தின் இயல்பை ஆராய்வோரைத் தேர்ந்த தாவர நூலாருக்கு ஒப்பிட்டு, அவர்களே சிறந்த பணி செய்பவர்கள் என்று அவர் போற்றுகின்றார். நோயாளிகளின் குறிப்பேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கும் தம்மைப் போன்றவன் ஏர் உழும் உழவனே என்றும், நிலத்தின் குணத்தைப்பற்றி அவ்வுழவன் காண்பதும் ஒருகால் பயன்படலாம் என்றும் அடக்கத்தோடு கூறி முடிக்கின்றார். நம் நாட்டு உழவன் இதனைக் கேட்டால் நகைப்பான். கரிசலில் பருத்தியும் வண்டலில் நெல்லும் விளைவதற்குக் காரணம் விதை மாத்திரமே என்று அவன் ஒருநாளும் எண்ணியதில்லை. ஆராய்ச்சிசாலைகளோ நெடுங்காலம் அங்ஙனமே எண்ணி வந்தன.

கட்டுரை வெளியானபின் ஸ்டீபன் அப்பொருளை மேலும் தொடர்ந்து பெரிதாக ஒன்றும் எழுதினாரில்லை. காரணம் யாதாயினும், நமக்கு இது ஒரு குறையாகவே தோன்றுகின்றது. அவருடைய மனம் நூலெழுதுவதில் நாட்டம் கொண்டது. 1896-இல் மார்பின் சஸ்திர சிகிச்சையைப்பற்றிப் பெருநூல் ஒன்று எழுதினார். அதில், இருதய சஸ்திர சிகிச்சை இயற்கை விதித்த எல்லையை எட்டிவிட்டதென்றும், இருதயத்திற்பட்ட காயத்தை வெல்லப் புதுமுறை எதுவும் தோன்றுதல் அரிதென்றும் உறுதியாகக் கூறினார். அதே ஆண்டு செப்டம்பர் 9-ஆம் தேதி, பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்னும் சஸ்திர வைத்தியர், கத்திக்குத்துப்பட்ட இளைஞன் ஒருவனுடைய இருதயத்தைத் தைத்தார், அவன் பிழைத்தெழுந்தான். நிலத்தைப்பற்றி அத்துணைக் கூர்மையாக எழுதியவரே இருதயத்தைப்பற்றி இங்ஙனம் எழுதினார் என்பதனை நாம் மறைக்க விரும்பவில்லை. முதற் கட்டுரையில் 735 பேரை எண்ணியபின் பேசினார். பின்னதில் எண்ணுதற்கு எதுவுமில்லாத எதிர்காலத்தைப்பற்றிப் பேசிவிட்டார்.

அவருடைய பிற நூல்களுள், பதினாறாம் நூற்றாண்டின் பிரெஞ்சு சஸ்திர வைத்தியர் அம்புருவாஸ் பரேயின் சரித்திரமும், 1901-இல் வெளியிட்ட தம் தந்தையாரின் நினைவுகளும் கடிதங்களும் அடங்கிய நூலும், 1919-இல் எழுதிய ஸர் விக்டர் ஹார்ஸ்லியின் சரித்திரமும் சிறந்தவை. 1908-இல் வைத்தியர் வாழ்க்கையைப்பற்றிய சிந்தனைகளைத் தம் பெயரிடாமலே ஒரு சிறு நூலாக வெளியிட்டார்.

அந்த 1908-ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் குறிப்பிடத்தக்கது. ஆராய்ச்சியின் பொருட்டு விலங்குகளை அறுப்பது தகுமா என்னும் வழக்கு அந்நாளில் இங்கிலாந்து முழுவதையும் கலக்கிக்கொண்டிருந்தது. லண்டனில் ஆராய்ச்சிக்கு இரையான ஒரு பழுப்பு நாய்க்குச் சிலை நாட்டியவரும், அச்சிலையைத் தகர்க்க ஊர்வலம் வந்த வைத்திய மாணவரும் 1907-இல் தெருக்களில் மோதிக்கொண்டனர். இருதரப்பிலும் கூச்சல் மலிந்த அவ்வேளையில் ஸ்டீபன் பாஜெட் ஆராய்ச்சிப் பாதுகாப்புச் சங்கம் என்னும் கழகத்தை நிறுவி, அதன் கௌரவக் காரியதரிசியாக ஊர்தோறும் சென்று பேசினார். விலங்குகளின்மீது நடத்திய சோதனைகளால் மனிதர்க்கு விளைந்த நன்மைகளை அவர் ஏற்கெனவே பெருநூலாகத் தொகுத்திருந்தார். நம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது ஹாஃப்கின் பம்பாயில் தடுப்பு மருந்து கண்டு ஊசி போட்ட வரலாறும் அந்நூலில் இடம்பெற்றது. எதிர்த்தரப்பினரின் இரக்கத்தை நாம் பழிக்க மாட்டோம். அவர்களுடைய கிளர்ச்சியால் விலங்குகளுக்குச் சட்டப்பாதுகாப்பு வலுப்பெற்றது உண்மை. ஆயினும், உலகம் மறந்த பாஜெட்டின் கட்டுரைக்கு இறுதியில் சான்று பகர்ந்தவை, அவர் யாருக்காக வசை ஏற்றாரோ அந்தச் சோதனைச் சுண்டெலிகளே என்பதனைப் பின்னர்க் காண்போம்.

முதல் உலக யுத்தத்தின்போது அறுபது வயதைக் கடந்திருந்தும், ருஷிய நாட்டுப் பெட்ரோகிராட் நகரில் நிறுவிய ஆங்கில ருஷிய ஆஸ்பத்திரியில் பணிபுரியச் சென்றார். அங்கிருந்து உடல் நலிவோடு திரும்பினார். 1926-ஆம் ஆண்டு மே மாதம் 8-ஆம் தேதி, ஸர்ரே நாட்டுப்புறத்து லிம்ப்ஸ்பீல்ட் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

அவர் இறந்த காலத்தில் அவருடைய கட்டுரையைப் படிப்பார் அரியராயினர். 1928-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் யூயிங், புற்று பரவும் இடத்தை இரத்தக்குழாய்களின் அமைப்பே தீர்மானிக்கின்றது என்று எழுதினார். அவருடைய பெருநூலைப் பயின்ற தலைமுறையினர் அவ்வாறே நம்பினர். 1940-இல் அக்கருத்துக்குப் பலமான சான்றொன்றும் கிட்டியது. அச்சான்று புராஸ்டேட் சுரப்பியைப்பற்றியது.

புராஸ்டேட் என்பது ஆடவரின் மூத்திரப்பையின் அடியில், மூத்திரக்குழாயைச் சூழ்ந்து அமைந்த, ஓர் அக்ரோட்டுக் கொட்டையளவான சுரப்பி. முதுமையில் அதில் புற்று உண்டாவது பெருவழக்கு. பெரும்பாலோர்க்கு அது மெல்ல வளர்ந்து, அவர்கள் வேறு காரணத்தால் இறக்குமளவும் தீங்கு செய்யாமல் கிடக்கும். சிலருக்கு எலும்புகளில், சிறப்பாக முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும், பாய்ந்து சென்று பெருந்துன்பம் விளைக்கும். பாஜெட்டின் கட்டுரை வெளிவந்த இரண்டாண்டிற்குள், 1891-இல், ஜெர்மானிய அறிஞர் ரெக்லிங்ஹவுஸன் இதனை விரித்தெழுதினார். வேறு பல புற்றுகள் எலும்பை அரித்துத் துளைக்க, இப்புற்றோ எலும்பை ஒழுங்கின்றி மேலும் மேலும் தடிக்கச் செய்கின்றது என்பது அவர் கண்ட புதுமை.

இதற்குக் காரணம் காட்டியவர் பேட்ஸன் என்னும் உடற்கூற்று ஆசிரியர். புராஸ்டேட்டைச் சூழ்ந்த சிரைகள் முதுகெலும்பைச் சுற்றியுள்ள சிரை வலையோடு நேரே தொடர்புகொண்டிருக்கின்றன என்பதையும், அவ்வலையில் இரத்தம் இருபுறமும் ஓடக்கூடும் என்பதையும் 1940-இல் அவர் மெய்ப்பித்தார். வழி திறந்திருந்தமையால் விருந்தாளி வந்தான், இதற்கு நிலத்தின் குணத்தை ஏன் இழுக்கவேண்டும் என்று பலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. ஆனால் வந்த விருந்தாளி தங்கிக் குடித்தனம் நடத்துவது எதனால் என்பதற்கு இது விடையன்று.

இவ்வினாவுக்குத் தெளிவான சோதனையை 1980-இல் ஹார்ட், பிட்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர் செய்து காட்டினர். சுண்டெலியின் தசையில் நுரையீரலின் துண்டையும், சூலகத்தின் துண்டையும், சிறுநீரகத்தின் துண்டையும் ஒட்டவைத்து, இரத்தக்குழாய்கள் அவற்றுள் வளர்ந்தபின், தோற்புற்றின் உயிரணுக்களை இரத்தத்தில் செலுத்தினர். உயிரணுக்கள் எல்லாத் துண்டுகளுக்கும் சென்று சேர்ந்தன. நுரையீரல் துண்டிலும் சூலகத் துண்டிலும் புற்று முளைத்தது. சிறுநீரகத் துண்டில் முளைக்கவில்லை. மூன்றும் ஒரே வகையாகத் தசையில் பதிந்தவை. வேறுபட்டது நிலம் ஒன்றே. தொண்ணூற்றோராண்டு கழித்து உழவர் சொல் மெய்யாயிற்று.

நிலம் என்று உவமையாற் கூறினோம். அந்நிலம் உண்மையில் யாது? நாம் உயிர்நூல் வகுப்பில் சுரப்பியின் மெல்லிய சீவல்களுக்குச் சாயமேற்றி நோக்கியதுண்டு. கண்ணாடியில் வரிசையாக நிற்கும் சுரப்பி உயிரணுக்களைப் படம் வரைந்து பெயர் குறிப்போம். அவற்றிற்கிடையே இளஞ்சிவப்பாய்க் கிடக்கும் நார்ப்பகுதியை வெறும் நிரப்புப் பொருளென எண்ணி இரண்டு கோடுகளோடு விட்டுவிடுவோம். அதற்காக மதிப்பெண் குறைந்ததாகவும் நினைவில்லை. அந்நார்ப்பகுதியே நாம் தேடும் நிலம். நாரை உண்டாக்கும் உயிரணுக்களும், மெல்லிய தசை உயிரணுக்களும், இரத்தக்குழாய்களும், உடலைக் காக்கும் வெள்ளணுக்களும் அதில் வாழ்கின்றன. அவை ஊமைகளல்ல. இரசாயனப் பொருள்கள் வாயிலாக அண்டை உயிரணுக்களோடு இடையறாது பேசிக்கொண்டிருக்கின்றன.

இப்பேச்சின் வலிமையைப் புராஸ்டேட்டில் காட்டியவருள் முதன்மையானவர் ஜெரால்ட் கன்ஹா. சுண்டெலிக் கருவிலிருந்து, புராஸ்டேட் உண்டாகவேண்டிய இடத்து நார்த்திசுவை எடுத்து, வளர்ந்த எலியின் மூத்திரப்பை உட்தோலோடு சேர்த்து வளர்த்தார். மூத்திரப்பைத் தோலாகவே இருந்து முடியவேண்டிய உயிரணுக்கள் புராஸ்டேட்டின் சுரப்பிகளாக மாறின. அண்டை வீட்டார் சொல்லுக்கு இணங்கி அவை தம் குலத்தொழிலையே மாற்றிக்கொண்டன எனலாம். இன்னுமொன்று. ஆண்மைச் சுரப்புநீர் குன்றினால் புராஸ்டேட் புற்று சுருங்குகின்றது என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் கண்டு, அதன்பொருட்டு 1966-இல் நோபெல் பரிசும் பெற்றார். அச்சுரப்புநீரின் கட்டளை, கருவில் சுரப்பி உருவாகுங்கால், சுரப்பி உயிரணுக்களுக்கு நேரே செல்வதில்லை. சூழ்ந்துள்ள நார்த்திசுவே அதனை முதலில் ஏற்று அவற்றிற்கு அறிவிக்கின்றது என்பதும் கன்ஹாவும் அவர் துணைவரும் செய்த சோதனைகளால் விளங்கிற்று.

நல்ல சுரப்பிக்கு ஆசானாக நின்ற அண்டைத் திசு, புற்றுக்கும் ஆசானாகுமா? 1991-இல் லீலண்ட் சுங் என்பவரும் அவர் கூட்டத்தாரும் இதனை ஆராய்ந்தனர். நோயாளி ஒருவரின் நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்து வளர்த்த புராஸ்டேட் புற்றணுக்களைத் தனியே சுண்டெலியில் செலுத்தினால் அவை கட்டியாவது அரிது. எலும்பிலிருந்து எடுத்த நார் உயிரணுக்களோடு கலந்து செலுத்தியபோதோ கட்டிகள் விரைந்து எழுந்தன. நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் நார் உயிரணுக்கள் அவ்வுதவியைச் செய்யவில்லை. எலும்பின் மண் இப்புற்றுக்கு உகந்த மண் என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டுமோ?

1999-இல் கன்ஹாவின் சாலையிலிருந்து வெளிவந்த சோதனை நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. புராஸ்டேட் உயிரணுக்களுள் ஒருவகை, முடிவின்றிப் பெருகும் இயல்பைப் பெற்றும், தாமாகப் புற்றாகாத நிலையில் நின்றவை. கெடுதலை நோக்கி ஓரடி வைத்தவை எனலாம். அவற்றை நலமுள்ள புராஸ்டேட்டின் நார் உயிரணுக்களோடு வளர்த்தனர், அடங்கிக் கிடந்தன. மனிதரின் புற்றுக்கட்டியைச் சூழ்ந்திருந்த நார் உயிரணுக்களோடு வளர்த்தனர், புற்றாகப் பெருகின. முற்றும் நலமுள்ள சுரப்பி உயிரணுக்களை அதே கெட்ட சூழலில் வளர்த்தபோதோ அவை புற்றாகவில்லை. இம்மூன்றாவது முடிவை நாம் மறவாதிருத்தல் வேண்டும். நிலம் மாத்திரம் கெட்டால் போதாது, வித்திலும் முன்னரே ஒரு கேடு இருந்தாக வேண்டும் என்பதனை அது காட்டுகின்றது. ஆயினும் 2004-இல் சுண்டெலிகளில் நடந்த சோதனையொன்று இவ்வெல்லையையும் சற்று அசைத்தது. நார் உயிரணுக்களை அடக்கியாளும் ஒரு செய்தியைக் கேட்கும் உறுப்பினை அவற்றிலிருந்து மாத்திரம் நீக்கியபோது, தொடப்படாத அண்டைப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றின் முன்னிலை தோன்றிற்று.

எலும்பிற்கு மீண்டும் வருவோம். நம் எலும்பு கல்லைப்போல் மாறாதது என்று எண்ணுதல் பிழை. ஒருவகை உயிரணுக்கள் அதனை ஓயாது கரைக்கின்றன. மற்றொரு வகை ஓயாது கட்டுகின்றன. கரையுந்தோறும் எலும்பினுள் புதைந்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிப்படுகின்றன. அங்குத் தங்கிய புற்றணு அவற்றை உண்டு செழிக்கின்றது. செழித்த புராஸ்டேட் புற்றணு தன் பங்கிற்கு எலும்பு கட்டும் உயிரணுக்களைத் தூண்டுகின்றது. ரெக்லிங்ஹவுஸன் கண்ட தடித்த எலும்பு இவ்வாறு உண்டாவதே. பயிரே நிலத்தைத் தனக்கேற்பப் பண்படுத்திக்கொள்கின்றது. இதனைப் பாஜெட்டும் எண்ணியிருக்கவில்லை. எலும்பு மச்சையில் இரத்தத்தின் மூல உயிரணுக்கள் உறையும் சிறு மாடங்கள் உள. புராஸ்டேட் புற்றணுக்கள் அம்மாடங்களுக்காக அவற்றோடு போட்டியிட்டு இடம்பிடிக்கின்றன என்பதும் 2011-இல் சுண்டெலிகளில் வெளிப்பட்டது. அங்கே அவை ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து பின்னர் விழித்தெழலாம். சுரப்பியை அறுத்தெடுத்துப் பல்லாண்டு சென்றபின் முதுகுவலியோடு முதியவர் ஒருவர் வைத்தியரிடம் திரும்பி வருவதன் காரணம் இதுவாகலாம்.

இவ்வறிவினால் நோயாளிக்கு யாது பயன் என்று கேட்பார்க்கு ஓர் உதாரணம் கூறுவோம். ரேடியத்தின் ஒருவகையாகிய ரேடியம் 223, சுண்ணாம்புச் சத்தைப்போலவே, புதிதாய்க் கட்டப்படும் எலும்பில் சென்று படிகின்றது. அதன் கதிர் சில உயிரணுக்களின் தூரமே பாயும். எலும்பிற் பரவிய புராஸ்டேட் புற்றுடையார் 921 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2013-இல் வெளியாயிற்று. அம்மருந்தைப் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 14.9 மாதம், பெறாதோருக்கு 11.3 மாதம். மூன்றரை மாதம் பெரிதன்று என்பார் உளர். அம்மூன்றரை மாதத்தைப் பெற்ற குடும்பத்தாரே அதனை மதிப்பிட வல்லவர். இங்குக் கவனிக்கத்தக்கது, அம்மருந்து வித்தைத் தேடிச் செல்லவில்லை, நிலத்தைத் தேடிச் செல்கின்றது என்பதே. எனினும் நிலத்தை அழித்தால் பயிர் அழியும் என்று அவசரப்படுதல் தகாது. கணையப் புற்றில் சூழ்ந்த நார்த்திசுவைச் சுண்டெலிகளில் குறைத்துப் பார்த்தபோது புற்று முன்னிலும் மூர்க்கங்கொண்டது என்று 2014-இல் கண்டனர். அண்டைத் திசு சில வேளை வேலியாகவும் நிற்கின்றது. எப்போது வேலி, எப்போது எரு என்பதனைப் பிரித்தறிவதிலேயே இன்றைய ஆராய்ச்சி ஈடுபட்டிருக்கின்றது.

2000-ஆம் ஆண்டில் ஸ்விட்ஜர்லாந்து பாஸல் நகரத்து நோயியல் அறிஞர்கள், பாஜெட் செய்ததையே மீண்டும் செய்தனர். புராஸ்டேட் புற்றுடைய 1,589 ஆடவரின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளைப் புரட்டி எண்ணினர். இரத்தத்தின் வழியே புற்று பரவியிருந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது எலும்பிலும், நாற்பத்தாறு பேருக்கு நுரையீரலிலும், இருபத்தைந்து பேருக்குக் கல்லீரலிலும் காணப்பட்டது. முதுகெலும்பில் பரவியதற்கும் நுரையீரலில் பரவியதற்கும் இருந்த தொடர்பைக் கொண்டு, பேட்ஸன் காட்டிய சிரைவழியும் மெய்யே என்று அவர்கள் கூறினர். வழியும் வேண்டும், நிலமும் வேண்டும் போலும். இருசாராரும் நூறாண்டு வழக்காடியிருக்க வேண்டுவதில்லை.

பாஜெட்டின் கட்டுரை தோன்றிய நூறாம் ஆண்டாகிய 1989-இல், புற்றுநோய் பரவுதலை ஆராய்வதற்கென்றே நடைபெறும் பத்திரிகையொன்று அதனை ஓரெழுத்தும் மாற்றாமல் முழுவதும் மறுபடி அச்சிட்டது. அப்பதிப்பிற்கு நான்கு பக்கங்களே போதுமாயிருந்தன.